வீடு பேங்க்கில் அடமானம், தொழில் பார்ட்னர்ஷிப்: கணவருக்கு ஏதாவது ஆனால் எங்களுக்கு என்ன மிஞ்சும்?

கேள்வி: திருப்பூர்_நிட்டிங்

எல்லோருக்கும் வணக்கம். என் கணவரும் அவர் அண்ணனும் சேர்ந்து திருப்பூரில் நிட்டிங் யூனிட் நடத்துகிறார்கள். முழுக்க ஜாப் ஒர்க். வேலை கொடுக்கும் பார்ட்டி நூலை அனுப்புவார்கள், துணியாக ஓட்டிக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. 2009ல் பார்ட்னர்ஷிப் டீட் போட்டது, அண்ணன் தம்பி இரண்டு பேர் மட்டும்தான். கணவருக்கு 54 வயது, எனக்கு 48. நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன், எனக்கு பி.எஃப். பிடிக்கிறார்கள். மகள் கோயம்புத்தூரில் வேலைக்குப் போகிறாள், மகன் பிளஸ் டூ படிக்கிறான். மாமியார் எங்களோடு இருக்கிறார்.

பக்கத்து யூனிட்காரர் சென்ற மாதம் திடீரென்று நெஞ்சுவலியில் போய்விட்டார். காரியம் முடிந்த பிறகு அவர் மனைவி ஒரு பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "சி.சி. அக்கவுண்ட்னா என்னங்க, இதுல காட்டற பணம் நம்மளுதா, பேங்க்குக்குக் குடுக்க வேண்டியதா?" என்று கேட்டார். சி.சி. என்றால் கேஷ் கிரெடிட், லிமிட் வரை எடுத்துத் திருப்பிக் கட்டும் தொழில்கடன். அது கடன் பாக்கி என்று சொல்ல எனக்கு வாயே வரவில்லை.

அன்று ராத்திரி எங்கள் வீட்டுப் பீரோவைத் திறந்து உட்கார்ந்தேன். நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

வீடு கணவர் பெயரில், அவர் சம்பாத்தியத்தில் கட்டியது. தாய்ப்பத்திரம் உட்பட எல்லாம் பேங்க்கில், 60 லட்சம் சி.சி. லிமிட்டுக்கு எம்.ஓ.டி. (பத்திரத்தை ஒப்படைத்து வைக்கும் அடமானப் பதிவு) போட்டிருக்கிறது. ஷெட் நிற்கும் இடத்துக்குப் பட்டா இன்னும் மாமனார் பெயரில். அவர் 2003ல் தவறினார், பாகப்பிரிவினை எதுவும் பதியவில்லை. நாத்தனார் ஒருவர் இருக்கிறார், 1986ல் கல்யாணமாகிப் போனவர். கணவரின் இரண்டு ஆயுள் காப்பீட்டு பாலிசியும் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தவை, நாமினி மாமியார். தொழில் தொடங்கும் முன் ஒரு ஸ்பின்னிங் மில்லில் பதினோரு வருஷம் இருந்தார், அந்த பி.எஃப். அப்படியே கிடக்கிறது, நாமினி மாமனார். உயில் கிடையாது. ஓய்வுக்காலத்துக்கு என்று தனியாக ஒரு ரூபாய் இல்லை. கேட்டால் "மெஷின்தான் என் பென்ஷன்" என்கிறார். வருகிற லாபம் எல்லாம் அடுத்த மெஷினுக்கே போகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது பாதி மெஷின் நின்றதை நேரில் பார்த்தவள் நான். ஓடாத மெஷினை யார் என்ன விலைக்கு எடுப்பார்கள்?

நாங்கள் நாலு பேரும் மாமியாரும் நிம்மதியாக இருக்க இதில் எதை முதலில் செய்ய வேண்டும்? வீட்டை உடனே என் பெயருக்கு மாற்றிவிட்டால் போதும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அது சரியா?

பதில்: ஓய்வு_கடன்பிரிவு, ஈரோடு

அம்மா, பேங்க்கில் தொழில்கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போதே உட்கார்ந்து இதையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள், அதுவே பெரிய விஷயம்.

முதலில் பார்ட்னர்ஷிப்பைப் பாருங்கள். உங்கள் பீரோவில் இருப்பதிலேயே அதிக ஆபத்தான காகிதம் அந்த டீட்தான். 1932ம் வருடத்துப் பங்குதாரர் சட்டப்படி ஒரு பங்குதாரர் இறந்தால் நிறுவனம் கலையும், டீடில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தொடரலாம். ஆனால் இரண்டே பேர் இருக்கும் இடத்தில் அப்படி எழுதியும் பயனில்லை. மிச்சம் இருப்பது ஒரே ஆள், ஒரே ஆளை வைத்துப் பார்ட்னர்ஷிப் கிடையாது. உச்ச நீதிமன்றம் 1965லேயே இதைச் சொல்லிவிட்டது. பேங்க் என்ன செய்யும் தெரியுமா? இறந்த தேதியில் சி.சி.யில் எவ்வளவு பாக்கி என்று கோடு போட்டு அக்கவுண்ட்டை நிறுத்திவிடும். நிறுத்தாமல் வரவு செலவை ஓடவிட்டால், பிறகு வரும் வரவெல்லாம் பழைய பாக்கியில் கழிந்து, இறந்தவருடைய பொறுப்பு குறைந்துகொண்டே போகும். அதனால் எந்த மேனேஜரும் ஓடவிட மாட்டார். நூல் பார்ட்டி அனுப்பும் கூலிப் பணம்கூட உள்ளே வந்து மாட்டிக்கொள்ளும்.

இதற்காக உங்களை மூன்றாவது பங்குதாரராகச் சேர்க்கலாம் என்று ஆடிட்டர் சொல்வார். வேண்டாம். பங்குதாரர் ஆனால் கம்பெனிக் கடனுக்கு நீங்களும் முழுப்பொறுப்பு, உங்கள் சம்பளச் சேமிப்பும் உள்ளே வந்துவிடும். வீட்டில் ஒருவராவது தொழிலுக்கு வெளியே நிற்க வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான். எல்.எல்.பி.யாக (பங்குதாரர் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்) மாற்றுவது மேல். 2008ல் வந்த சட்டம், இருக்கும் பார்ட்னர்ஷிப்பை அப்படியே மாற்ற வழி உண்டு. ஒருவர் போனாலும் எல்.எல்.பி. நிற்கும். இன்னொருவரைச் சேர்க்க ஆறு மாதம் அவகாசம் இருக்கிறது. மாற்றும்போது, இறந்தவர் பங்கை எப்படி மதிப்புப் போடுவது, அந்தக் குடும்பத்துக்கு எத்தனை தவணையில் கொடுப்பது என்று எழுதிவிடுங்கள். இது உங்கள் கணவரின் அண்ணன் குடும்பத்துக்கும் அதே அளவு பாதுகாப்பு. அப்படிச் சொல்லிக் கேட்டால் அவர் மறுக்க மாட்டார்.

ஆனால் ஒன்று. எல்.எல்.பி. ஆகிவிட்டால் வீடு தப்பியது என்று நினைக்காதீர்கள். அண்ணன் தம்பி இருவரும் சொந்த ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், அடமானமும் அப்படியே இருக்கும். வீட்டை விடுவிக்க ஒரே வழி பேங்க்கோடு பேசுவதுதான். சிறு தொழிலுக்கு சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்று அரசின் கடன் உத்தரவாதத் திட்டம் உண்டு, 2025 ஏப்ரலில் இருந்து 10 கோடி வரை உயர்த்தியிருக்கிறார்கள். லிமிட்டைப் புதுப்பிக்கும் சமயத்தில், ஒரு பகுதியை அந்த உத்தரவாதத்தின் கீழ் கொண்டுபோய் வீட்டை விடுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஆண்டுக்கு ஒரு கட்டணம் உண்டு. கணக்கு ஒழுங்காக ஓடும் காலத்தில் கேட்டால்தான் காது கொடுப்பார்கள்.

பதில்: கரூர்_தறி

அக்கா, என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் கணவருடையது தனி உரிமையாளர் தொழில். பெட்ஷீட், டேபிள் கிளாத் தைத்து அனுப்புவோம். அவர் போனது ஒரு புதன்கிழமை. கரூரில் சனிக்கிழமை சம்பளம் போட வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை செக் கொடுத்தனுப்பினால், அக்கவுண்ட் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கரண்ட் அக்கவுண்ட்டுக்கு நாமினி போடலாம் என்பதே எங்கள் யாருக்கும் தெரியாது, அந்தக் கிளையில் ஒரு நாளும் சொன்னதும் இல்லை. வளையலை வைத்துச் சம்பளம் போட்டேன். தைக்கிற பெண்கள் அதற்குப் பிறகும் என்னை விட்டுப் போகவில்லை, அது வேறு கதை.

நாமினி இல்லாத டெபாசிட் ஒன்றும் இருந்தது. தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ் போதாது, கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்று வாங்கி வாருங்கள் என்றார்கள். அதற்கு மாதக்கணக்கு. ஜி.எஸ்.டி. நம்பரும் அவரோடு முடிந்துவிட்டது. என் பெயரில் புது நம்பர் வாங்கி, பழையதில் இருந்த இன்புட் கிரெடிட்டை (வாங்கிய பொருளுக்கு ஏற்கனவே கட்டிய வரியின் வரவு) ஐ.டி.சி. 02 என்ற படிவத்தில் மாற்றினோம்.

இப்போது 2025 நவம்பரிலிருந்து பேங்க் டெபாசிட்டுக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். அக்கா, நாளைக்கே போய் உங்கள் இரண்டு பேருடைய எல்லா அக்கவுண்ட்டிலும் பாருங்கள். அப்புறம் உங்கள் பெயரில் மட்டும் ஒரு சேமிப்புக் கணக்கில் ஆறு மாதக் குடும்பச் செலவை வைத்திருங்கள். கம்பெனிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கக் கூடாது.

பதில்: பத்திரம்_உடுமலை

மேடம், நான் பத்திர எழுத்தர். இடம், உயில் இரண்டையும் மட்டும் சொல்கிறேன்.

ஷெட் இடத்தில் நாத்தனாருக்குப் பங்கு உண்டு. இடம் பூர்வீகமாக இருந்தால், 1986ல் கல்யாணம் ஆனவர், 1989 மார்ச் 25க்கு முன்னால், அதனால் பங்கில்லை என்று ஊரில் சொல்வார்கள். அது இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தை மட்டும் வைத்துச் சொல்வது. 2005 மத்திய திருத்தம் கல்யாணமான மகள்களையும் சேர்த்துவிட்டது. அந்தத் திருத்தம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இல்லாவிட்டாலும் உரிமை உண்டு என்று 2020ல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தீர்த்துவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினையைத்தான் கிளற முடியாது, உங்களிடம் அது இல்லை. இடம் மாமனார் சுயமாக வாங்கியதாக இருந்தால் பேச்சே இல்லை, மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு.

ஆகவே நாத்தனாரை நேரில் பார்த்துப் பேசுங்கள். பணமாகவோ வேறு இடமாகவோ அவருக்கு நியாயமானதைக் கொடுத்து, மாமியாரும் சேர்ந்து கையெழுத்துப் போட, பாகப்பிரிவினையோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பதிந்துகொள்ளுங்கள். குடும்பத்தாருக்குள் என்றால் 2023 ஜூலையிலிருந்து முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சம் 10,000. பாகப்பிரிவினையில் இது ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி. பதிந்த கையோடு பட்டா மாறுதலும் முடித்துவிடுங்கள். வெறும் வெள்ளைத்தாளில் "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று எழுதி வாங்கி வைத்திருப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். அது நிற்காது.

இப்போது உயில். உயில் இல்லாமல் உங்கள் கணவருக்கு ஏதாவது ஆனால் வீட்டில் நீங்கள், மகள், மகன், மாமியார் நாலு பேருக்கும் கால் கால் பங்கு. அம்மா முதல் வகுப்பு வாரிசு என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. மாமியார் காலத்துக்குப் பிறகு அந்தக் கால் பங்கு அவர் பிள்ளைகள் எல்லோருக்கும் பிரியும், அதாவது நாத்தனாரும் கணவரின் அண்ணனும் உங்கள் வீட்டில் பங்குதாரர் ஆவார்கள். இன்று எல்லோரும் ஒற்றுமைதான், அவர்களுடைய பிள்ளைகள் காலத்தில் எப்படியோ. உயிலில் வீட்டை உங்களுக்கு எழுதச் சொல்லுங்கள், மாமியார் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் இருக்கவும் தன் செலவுக்குப் பணம் பெறவும் அவருக்கு உரிமை உண்டு என்றும் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். அவரை விட்டுவிட்டு எழுதுவது எனக்குச் சம்மதமில்லை.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் உங்கள் கணவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துத் தாங்களும் கையெழுத்துப் போட வேண்டும். சொத்துப் பெறுகிறவர் யாரும் சாட்சி போட வேண்டாம். அவரைவிட வயதில் சிறியவர்களாகச் சாட்சி பிடியுங்கள், நாளைக்குக் கோர்ட்டில் வந்து சொல்ல ஆள் வேண்டும். பதிவு கட்டாயமில்லை, இருந்தாலும் பதிந்துவிடுங்கள். எத்தனை எழுதினாலும் கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

திருப்பூர்_நிட்டிங்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கரூர் தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு கணவரிடமே போனைக் கொடுத்தேன். முழுதும் படித்தார். எதுவும் பேசவில்லை, ஆனால் டீடை எடுத்துக் கொண்டுபோய் ஆடிட்டரிடம் கொடுத்திருக்கிறார். நாத்தனாரிடம் அவரே பேசுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

இன்னும் மூன்று கேட்க வேண்டும். வீட்டை என் பெயருக்கு மாற்றுவது பற்றி யாரும் நேராகச் சொல்லவில்லை. பழைய பி.எஃப்., பாலிசிகளை என்ன செய்வது? இந்த வயதுக்கு மேல் அவருக்கு ஓய்வுக்காலப் பணம் என்று ஒன்று சேர்க்க முடியுமா, அதையும் பேங்க் பிடித்துக்கொள்ளாதா?

பதில்: ஓய்வு_கடன்பிரிவு, ஈரோடு

வீட்டை மாற்றுவது பற்றி முதலில். அடமானம் இருக்கும்போது பேங்க் சம்மதம் இல்லாமல் செட்டில்மென்ட் (குடும்பத்தாருக்குப் பணம் வாங்காமல் எழுதித் தரும் பத்திரம்) எழுதினால், அடமானம் வீட்டோடு சேர்ந்தே உங்களிடம் வரும். எம்.ஓ.டி. வில்லங்கச் சான்றில் நிற்கிறது. அடமானம் நீங்கிய பிறகும் காலம் முக்கியம். பாக்கி நெருக்கும் சமயத்தில் மனைவி பெயருக்கு மாற்றினால், கடன்காரரை ஏமாற்றச் செய்த மாற்றம் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டம் 53வது பிரிவில் கோர்ட் அதைத் தள்ளிவிடும். தொழில் நன்றாக ஓடி, எல்லாத் தவணையும் நேராக இருக்கும்போது, ஒளிவு மறைவு இல்லாமல் பதிந்தால் நிற்கும். அதனால் உங்கள் உறவினர் சொன்னதில் "உடனே" என்பதை எடுத்துவிடுங்கள். முதலில் அடமானத்தை நீக்குவது, பிறகு மாற்றுவது. அதுவரை உயில் காப்பாற்றும்.

பி.எஃப். பற்றிப் பயப்பட வேண்டாம். கல்யாணத்துக்கு முன் போட்ட நாமினேஷன் கல்யாணத்தோடு செல்லாமல் போய்விடும், அது அந்தத் திட்டத்திலேயே உள்ள விதி. பழைய மில் நம்பரை யூ.ஏ.என். என்ற பி.எஃப். பொது எண்ணோடு இணைத்து இ-நாமினேஷன் போடுங்கள். 58 வயது வரை வட்டி சேரும். பத்து வருஷ சர்வீஸ் தாண்டியதால் அவருக்கு 58ல் பி.எஃப். பென்ஷன் உரிமையும் உண்டு. சம்பள உச்சவரம்பு குறைவாக இருந்த காலம், ஆகவே மாதம் ஆயிரத்தைச் சுற்றித்தான் வரும், ஆனாலும் அவருக்குப் பிறகு உங்களுக்கும் தொடரும். விட்டுவிடாதீர்கள். உங்கள் பி.எஃப்.பிலும் நாமினேஷன் பாருங்கள். வேலையில் இருக்கும்போது ஏதாவது ஆனால் அதோடு சேர்ந்த இ.டி.எல்.ஐ. காப்பீட்டில் 7 லட்சம் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும்.

பழைய பாலிசிகளில் நாமினியை மாற்றச் சொல்லுங்கள். 2015ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பெற்றோரோ மனைவியோ பிள்ளையோ நாமினி என்றால் பணம் அவருக்கே சொந்தம். ஷேர், டெபாசிட் எல்லாம் அப்படியல்ல, அங்கே நாமினி வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர்தான். ஷேர் விஷயத்தில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்துவிட்டது.

இப்போது நான் ரொம்ப வலியுறுத்திச் சொல்ல வருவது. கடன் அளவுக்கு அவர் பெயரில் ஒரு டேர்ம் பாலிசி (பாலிசி காலத்தில் இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு) எடுங்கள், எடுக்கும்போதே திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் என்று தனிப் படிவம் நிரப்பச் சொல்லுங்கள். 1874ம் வருடத்துச் சட்டம், 1913 முடிவிலிருந்து சென்னை மாகாணத்து இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பொருந்துகிறது. மற்ற மாகாணங்களுக்கே 1923ல்தான் வந்தது. நூறு வருஷத்துக்கு மேல் நம் கையில் இருக்கிறது, தொழில் செய்யும் குடும்பங்களில் பத்தில் ஒருவரும் கேட்டு வாங்கிப் பார்த்ததில்லை. அப்படி எடுத்த பாலிசிப் பணம் மனைவி மக்களுக்கான அறக்கட்டளையாகிவிடும், அவருடைய சொத்தில் சேராது. பேங்க்கோ நூல் பார்ட்டியோ தொட முடியாது, கடன்காரரை ஏமாற்றும் நோக்கத்தில் பிரீமியம் கட்டியதாக நிரூபித்தால் ஒழிய. எடுத்த பிறகு சேர்க்க முடியாது, பயனாளியையும் மாற்ற முடியாது. 54 வயதில் பிரீமியம் கூடுதலாக வரும், சர்க்கரை, பிரஷர் இருந்தால் இன்னும் கூடும். இருந்தாலும் ஒரு மெஷினைத் தள்ளிப் போட்டு இதைக் கட்டச் சொல்வேன்.

ஓய்வுக்காலப் பணத்துக்குப் பி.பி.எஃப்., அதாவது யாரும் தொடங்கக்கூடிய பொது வருங்கால வைப்பு நிதி. அந்தக் கணக்கில் இருக்கும் பணத்தைக் கடனுக்காகக் கோர்ட் ஜப்தி செய்ய முடியாது, திட்டத்திலேயே எழுதியிருக்கிறது. வருமான வரிப் பாக்கிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, அதை மறக்காதீர்கள். ஒருவருக்கு வருடம் 1.5 லட்சம் வரை, உங்களுக்கும் தனிக் கணக்கு தொடங்கலாம். இப்போதைய 7.1 சதவீதம் அப்படியே நின்றால் ஆண்டுத் தொடக்கத்தில் கட்டி வந்தால் 15 வருடத்தில் ஒருவருக்கு 40 லட்சத்துக்கு மேல். அவருக்கு முதிர்வு 69, 70 வயதில் வரும், கொஞ்சம் தாமதம்தான், ஆனால் ஏழாவது வருஷத்திலிருந்து ஒரு பகுதி எடுத்துக்கொள்ளலாம். அறுபது ஆனதும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வாங்கலாம். மாதாமாதம் கட்டுவதானால் இரண்டு பி.பி.எஃப். கணக்குக்கும் சேர்த்து மாதம் 25,000. கூலி வந்ததும் மாதத்தின் ஐந்தாம் தேதிக்குள் கட்டச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு கட்டினால் அந்த மாத வட்டி போய்விடும்.

பதில்: கரூர்_தறி

ஐயா சொன்னதோடு ஒன்று மட்டும் அக்கா. பாலிசி எண், லாக்கர், யூ.ஏ.என்., கம்பெனி லாகின், யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். எனக்கு வர வேண்டிய பாக்கியில் ஒரு பெரிய தொகை, யார் தர வேண்டும் என்று தெரியாமலே போய்விட்டது. நோட்டு எங்கே இருக்கிறது என்று மகளுக்கும் சொல்லி வையுங்கள்.